வீடு வாங்கப் பணம் இருக்கிறது, கணக்குக் காட்டக் காகிதம் இல்லை: பாலக்கோடு விவசாயக் குடும்பம், யோசனை சொல்லுங்கள்

பாலக்கோட்டுப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு நாலு ஏக்கர். தக்காளிதான் முக்கியம், ஒரு ஏக்கரில் மல்பெரி போட்டு வீட்டிலேயே பட்டுப்புழு வளர்க்கிறோம். நான் ஓசூரில் வேலை செய்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு பழைய வீடு, மனையோடு சேர்த்து 38 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். விற்பவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். என் சம்பளத்துக்கு 20 லட்சம் கடன் கிடைக்கும், மீதி 18 லட்சம் நாங்கள் போட வேண்டும்.

அந்த 18 எங்கிருந்து வருகிறது என்று வங்கியில் கேட்கிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். வீட்டில் ரொக்கம் 7 லட்சம், பெரும்பாலும் 2023 ஜூலை, ஆகஸ்டில் தக்காளி விலை எகிறினபோது வந்தது. ஊரில் ஒருவர் நடத்தும் ஏலச்சீட்டில் எடுத்தது 4 லட்சம். தங்கை வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், 3 லட்சம் தருகிறேன் என்கிறார். தங்கை கல்யாண மொய் 2 லட்சம். அம்மாவின் பழைய நகை மூணு பவுன் விற்றால் மீதி 2 லட்சம் தேறும்.

இன்னொரு சிக்கல். விற்பவர் பத்திரத்தில் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பான 24 லட்சம் மட்டும் போடலாம், மீதி 14 லட்சத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்கிறார்.

அப்பா ரொம்ப மனசு உடைந்துவிட்டார். வெயிலில் காய்ந்து சேர்த்த பணத்தைத் திருட்டுப் பணம் மாதிரி விசாரிக்கிறார்களே என்கிறார். என்ன செய்யலாம்?

தர்மபுரி_மனை

தம்பி, இதில் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. விற்பவர் சொல்கிறபடி 24-க்குப் பத்திரம் போடுங்கள். கையில் இருக்கும் ரொக்கம் அப்படியே தீர்ந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 14 லட்சத்துக்கு ஒண்ணேகால் லட்சம் மிச்சம். கணக்கில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 49 ஆயிரம் 49 ஆயிரமாகப் பிரித்துக் கட்டுங்கள், பான் கேட்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் எல்லோரும் செய்வதுதான்.

கணக்கெழுத்தன்

மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டரிடம் வேலை செய்கிறேன். இந்த யோசனையைக் கேட்டு நோட்டீஸோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 14 லட்சம். சொத்துக்கு முன்பணமாகவோ வேறு விதமாகவோ 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2026 மார்ச் வரை இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவில் 2015 ஜூன் முதல் இது சொத்துப் பரிவர்த்தனைக்கும் சேர்க்கப்பட்டது. மீறினால் வாங்கின தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். 2017 ஏப்ரலில் 269எஸ்டி வந்தது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதற்கும் முழுத் தொகை அபராதம். இரண்டுமே வாங்குகிற கையின் மேல்தான் விழும், அதாவது உங்களுக்கு வீடு விற்கும் அந்த ஐயா மேல். ஓய்வூதியத்தில் இருப்பவர் 14 லட்சம் அபராதத்துக்கு எங்கே போவார்? இதை அவரிடமே பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

விவசாயிக்கு விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். 269எஸ்எஸ்-இல் உண்டு. ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரிக்குரிய வருமானம் இல்லாமல் இருக்க வேண்டும். அவர் அரசு ஓய்வூதியர், நீங்கள் கம்பெனி ஊழியர். அது உங்களுக்குப் பொருந்தாது.

வாங்குகிற உங்கள் பக்கம் வேறு சங்கடம். விளக்க முடியாத முதலீடு என்று அதிகாரி முடிவு செய்தால் அந்த 1961 சட்டப்படி 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 78 சதவீதம் வந்தது. அந்தக் கணக்கில் நேர்மையாகச் சம்பாதித்த 7 லட்சத்தில் ஐந்தரை லட்சம் போய்விடும், காகிதம் இல்லாத ஒரே காரணத்துக்காக. நாளைக்கு வீட்டை விற்கப் போனாலும் வாங்கின விலை 24 லட்சம் என்றுதான் கணக்கு. நீங்கள் கொடுத்த அந்த 14-க்கும் லாபம் என்று வரி கட்டுவீர்கள்.

49 ஆயிரமாகப் பிரித்துக் கட்டும் யோசனை இன்னும் மோசம். சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் கட்டின ரொக்கம் எல்லாம் சேர்ந்து 10 லட்சத்தைத் தொட்டால் வங்கி தானாகவே வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். அதற்குக் கீழே இருந்தாலும், வாரம் இரண்டு தடவை 49 ஆயிரம் என்று பாஸ்புக்கில் வரிசையாக நின்றால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று அந்த வரிசையே சாட்சி சொல்லும். உங்கள் பணம் நல்ல பணம். ஒரே தடவையில், அப்பா கணக்கில், பான் எண் கொடுத்துக் கட்டுங்கள்.

காவேரிப்பட்டணம்_எழுத்தர்

பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெங்களூருச் சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாக முன்பணம் கொடுத்ததாகச் சொன்ன வழக்கில் 2025 ஏப்ரல் 16-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சொத்துப் பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்கில் வந்தால் நீதிமன்றமும், பத்திரத்தில் வந்தால் பதிவு அலுவலகமும் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் உத்தரவு. இது தெரியாமல் இன்னும் பழைய பழக்கத்தில் கிரய ஒப்பந்தத்தில் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதச் சொல்லி வருகிறார்கள். நான் எழுதுவதில்லை. செக் எண், ஆர்டிஜிஎஸ் எண், வங்கி, தேதி எல்லாம் பத்திரத்திலேயே ஏறிவிட்டால் வாங்குகிறவருக்குப் பிற்காலத்தில் அதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

30 லட்சமும் அதற்கு மேலும் போகிற பத்திரம் எப்படியும் பதிவு அலுவலகத்திலிருந்து வரித்துறைக்குப் போகும். உங்களுடையது 38. ஆகவே கேள்வி வரும் என்று வைத்துக்கொண்டே இப்போதிலிருந்து தயாராகுங்கள்.

தர்மபுரி_மனை

சட்டம் பேசுவது சுலபம். 24-க்கே போட வேண்டும் என்று விற்பவர் ஒற்றைக் காலில் நின்றால் இந்தத் தம்பி வேறு வீடு தேடுவாரா? கிருஷ்ணகிரியில் முழுத் தொகைக்கும் பத்திரம் போட ஒப்புக்கொள்கிறவர் எத்தனை பேர்?

வங்கிக்காரன்_ஊத்தங்கரை

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இங்கே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் கடன் வாங்கி வாங்குகிறார். பத்திரத்தில் 24 லட்சம் என்றால் வங்கி அந்த 24-ஐ வைத்துத்தான் கடன் கணக்குப் போடும். 20 லட்சம் என்று நம்பிக்கொண்டிருக்கும் கடன் குறையக்கூடும், குறைந்தால் அந்தப் பள்ளத்தையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ஒண்ணேகால் லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் வட்டிக்கு அலைய வேண்டி வரலாம்.

தம்பி, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வங்கியில் கேட்கும் கேள்வி அவர்மேல் சந்தேகப்பட்டு இல்லை. வருகிற எல்லோரிடமும் அதே தாளை நீட்டுகிறோம், கலெக்டர் வந்தாலும் அதே கேள்விதான். பயந்துபோய்ப் பழைய தேதி போட்டு ஒப்பந்தம், யாரோ கொடுத்ததாகக் கடன் பத்திரம் என்று தயாரித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முத்திரைத்தாள் விற்ற தேதி ஒன்று, உள்ளே எழுதின தேதி ஒன்று என்று எங்களுக்கே தெரிந்துவிடும். உண்மையான கதை கொஞ்சம் ஓட்டையோடு இருந்தாலும் அதைத்தான் கொண்டுவர வேண்டும்.

பாலக்கோட்டுப்பிள்ளை

ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கணக்கெழுத்தன் அண்ணா, தக்காளிப் பணத்துக்கு என்ன காகிதம் காட்டுவது? மண்டியில் கொடுத்த சீட்டுகளை அம்மா ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். கூடை எத்தனை, விலை என்ன, கமிஷன், இறக்குக் கூலி போக மீதி என்ன என்று பென்சிலில் எழுதினது. பாதிச் சீட்டில் பேரே இல்லை, "பாலக்கோடு ரோடு பெரியவர்" என்று கூட எழுதியிருக்கிறார்கள்.

கணக்கெழுத்தன்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தக் கம்பிதான் உங்கள் சொத்து, ஒரு சீட்டைக்கூட எடுத்துப் போடாதீர்கள்.

தனியாக ஒரு சீட்டுக்கு மதிப்பு குறைவு. நாலு பக்கத்திலிருந்தும் ஒரே கதை வந்தால் மதிப்பு கூடும். பட்டா, சிட்டா நிலம் இருப்பதைக் காட்டும். அந்த நிலத்தில் அந்தப் பருவத்தில் தக்காளி இருந்தது என்பதை அடங்கல்தான் காட்டும். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் 1432, 1433 இரண்டு பசலிக்கும் (வருவாய்த்துறை ஆண்டு) அடங்கல் கேளுங்கள். ஜூலையில் பசலி மாறுவதால் நட்டது ஒரு பசலியிலும் பறித்தது அடுத்த பசலியிலும் வரும். நிறைய பேர் ஒன்றை மட்டும் வாங்கிவந்து திணறுவார்கள். அப்புறம் மண்டிக்காரரிடம் அவருடைய பேரேட்டில் அப்பா கணக்கு எந்தத் தேதியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எடுத்து, கடை முத்திரையோடு ஒரு தாளில் தரச் சொல்லுங்கள். நாற்றுப் பண்ணை, உரக்கடை ரசீது இருந்தால் சேருங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினதும், அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதும் ஊரறிந்த விஷயம். விலையை நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, விளைச்சலைக் காட்டினால் போதும்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் பட்டுக்கூட்டில் கவனம். மல்பெரி நம் நிலத்தில் விளைந்தாலும் கூடு விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலை வரைதான் விவசாயம். அதற்கப்புறம் புழு தின்று கட்டும் கூடு விவசாய விளைபொருள் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பட்டு வளர்க்கும் பாதிப் பேருக்கு இது தெரியாது. கூடு விற்றதையும், பால் விற்றிருந்தால் அதையும் தனியாக எழுதுங்கள். வரம்புக்குள் இருந்தால் வரி வராது, ஆனால் எல்லாவற்றையும் விவசாயம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் காட்டினால் ஒன்று தப்பாகி மற்றதும் சந்தேகத்துக்கு ஆளாகும். அரசு அங்காடியில் ஏலம் விட்டிருந்தால் எடைச் சீட்டு இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

ஒரு கேள்வி. 2023-இல் வந்த பணம் இன்னும் 7 லட்சம் கையில் இருக்கிறது என்கிறீர்கள். நடுவில் தங்கை கல்யாணம் நடந்திருக்கிறது. கல்யாணச் செலவு எங்கிருந்து? அதிகாரி முதலில் இதைத்தான் கேட்பார்.

பாலக்கோட்டுப்பிள்ளை

கூட்டுறவுச் சங்கத்தில் அம்மா நகையை அடகு வைத்துத்தான் கல்யாணம் செய்தோம் அண்ணா. அப்புறம் கூடு விற்றும், என் சம்பளத்தில் மாதாமாதம் கட்டியும் மீட்டோம். வீடு வாங்கத்தான் அந்த 7-ஐத் தொடக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக வைத்திருந்தார்.

கணக்கெழுத்தன்

நல்லது. சங்கத்தின் அடகு ரசீது, மீட்ட ரசீது இரண்டையும் தேடி எடுங்கள். கல்யாணத்துக்கு அந்த ரொக்கத்தைத் தொடவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். மூணு பவுன் அம்மாவுடையதுதான், புதிதாக வந்ததில்லை என்பதற்கும் அதே ரசீது சாட்சி. எடையும் எழுதியிருப்பார்கள். நகை விற்கும்போது கடைக்காரரிடம் பில் வாங்கி, பணத்தை அம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள்.

கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அது சோதனை நடக்கும்போது பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994-இல் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிவுரை. விற்று வந்த பணத்துக்கு விளக்கம் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

சந்தூர்_மாந்தோப்பு

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் மாங்காய் வியாபாரம். தேர்தல் நேரத்தில் தோட்டக்காரருக்குப் பட்டுவாடா செய்ய ரொக்கம் கொண்டு போனபோது பறக்கும் படை நிறுத்தியது. 50 ஆயிரத்துக்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் எடுத்துக்கொள்வார்கள், தெரியும்தானே. என்னிடம் வங்கியில் எடுத்த சீட்டும், தோட்டக் குத்தகை ஒப்பந்தமும், கூழ் ஆலைக்கு அனுப்பிய லோடு பில்லும் வண்டியிலேயே இருந்தன. அங்கேயே பார்த்து விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த மாட்டு வியாபாரிக்கு ஒரு தாளும் இல்லை. போச்சம்பள்ளிச் சந்தையில் நாலு மாடு விற்ற பணம். சந்தையில் யார் பில் தருகிறார்கள்? அவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. சந்தைப் பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும் ஏற்பாட்டை அரசே செய்ய வேண்டும். ஏழை விவசாயி, சின்ன வியாபாரி பணம்தான் இப்படி மாட்டுகிறது.

ஓசூர்_தமிழ்மகள்

இது இந்தியாவில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா இங்கிலாந்தில் வீடு வாங்கினாள். அப்பா ராயக்கோட்டைப் பக்கம் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கு அனுப்பினார். அங்கே வழக்கறிஞர்தான் கேட்பார். 2017-இல் வந்த கருப்புப் பணத் தடுப்பு விதிகள்படி அவர் கேட்டே ஆக வேண்டும். அப்பாவின் பாஸ்போர்ட், ஆறு மாத வங்கிக் கணக்கு, நிலம் விற்ற பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, "இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை" என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம், இவ்வளவும் கேட்டார்கள். நிலம் விற்ற பணம் எல்லாம் செக்காக வந்திருந்ததால் பத்திரத்துக்கும் பாஸ்புக்குக்கும் தொகை ஒத்துப்போனது, வேறு கேள்வி வரவில்லை. இங்கிருந்து அனுப்பும்போது வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள், வருமான வரி ரிட்டர்ன் போட்டு அப்பா திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பாலக்கோட்டுத் தம்பி, சிங்கப்பூர் மாப்பிள்ளை பணம் உங்கள் எல்லாவற்றிலும் சுலபமானது. அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். அவருடைய சம்பளச் சீட்டு, ஒரு அன்பளிப்புக் கடிதம், போதும். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப மட்டும் வேண்டாம்.

பாலக்கோட்டுப்பிள்ளை

நன்றி அக்கா. தங்கை வீட்டுக்காரர் தருவதற்கு நான் வரி கட்ட வேண்டுமா? பெரியப்பா மகன் அண்ணனும் ஒரு லட்சம் தருகிறேன் என்கிறார்.

கணக்கெழுத்தன்

தங்கை, தங்கையின் கணவர், இருவருமே சட்டத்தின் உறவினர் பட்டியலில் உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் உங்களுக்கு வரி இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் உண்டு. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் கிடையாது. கூடவே வளர்ந்த அண்ணனாக இருந்தாலும் வரிச் சட்டத்துக்கு அவர் வெளியாள். வெளியாட்களிடமிருந்து வருடத்தில் 50 ஆயிரத்தைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. அவர் ஒரு லட்சத்தைக் கடனாகக் கொடுக்கட்டும், வங்கி மூலமாக, எழுத்தோடு. திருப்பிக் கொடுப்பதும் வங்கி மூலமாக. பெரியப்பாவே தன் பணத்தில் தருவதாக இருந்தால் அன்பளிப்பாக வாங்கலாம்.

மொய் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்புக்கு வரி விலக்கு மணமக்களுக்குத்தான், அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு இல்லை. ஆகவே அந்தப் பணம் தங்கை பெயரில் வந்ததாக இருந்தால் தங்கை கணக்கிலிருந்து உங்களுக்கு வரட்டும், அவள் தருவது அன்பளிப்பு. அப்பாவின் முறைமொய்யாக வந்தது என்றால் உறவினர் எழுதினது எவ்வளவு, மற்றவர் எழுதினது எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துப் பிரியுங்கள். நோட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள், அதில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

ஏலச்சீட்டுதான் எனக்குக் கவலை. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்துவதே குற்றம், நடத்துகிறவர் எழுத்தில் எதுவும் தர மாட்டார். மாதாமாதம் சீட்டுக்குக் கட்டின பணம் எங்கிருந்து எடுத்தீர்கள்?

பாலக்கோட்டுப்பிள்ளை

என் சம்பளக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி ஏடிஎம்மில் எடுத்துக் கொடுப்பேன். எந்த மாதமும் தவறினதில்லை.

கணக்கெழுத்தன்

அப்படியென்றால் வழி இருக்கிறது. கணக்கு அறிக்கையை எடுத்து அந்த வரிகளில் எல்லாம் கோடு போடுங்கள். என் சம்பளத்தில் எடுத்துச் சேமித்தது என்று காட்டலாம், அதுதான் உண்மையும். இனிமேல் சீட்டு போட்டால் பதிவு பெற்றதில் போடுங்கள்.

வங்கிக்காரன்_ஊத்தங்கரை

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். அப்பாவுக்கு இதுவரை ரிட்டர்ன் இல்லை என்றால் இந்த வருடமாவது போடுங்கள். விவசாய வருமானம் 5 ஆயிரத்தைத் தாண்டினால் சாதாரண ஐடிஆர் 1 படிவம் செல்லாது. 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றெல்லாம் கேட்கும். இன்னொன்று, பணம் யாருடையதோ அவர் கணக்கில் முதலில் விழட்டும், அங்கிருந்து விற்பவருக்கோ உங்களுக்கோ போகட்டும். அப்பா பணத்தை உங்கள் கணக்கில் ரொக்கமாகக் கட்டினால் அது உங்கள் பணமாகிவிடும், விளக்கம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

பாலக்கோட்டுப்பிள்ளை

விற்பவர் ஐயாவைப் பார்த்துவிட்டு வந்தோம். அபராதம் அவர்மேல் விழும் என்பது அவருக்குத் தெரியாது. வரிக்குப் பயந்துதான் 24 என்று சொல்லியிருக்கிறார். கணக்கெழுத்தன் அண்ணாவின் ஆடிட்டரிடமே அவரை அழைத்துப் போனோம். இந்த வீட்டை விற்று மகன் பக்கத்தில் இன்னொரு வீடு வாங்கப் போகிறார், லாபத்தை அதில் போட்டால் வரி விலக்கு உண்டு என்றதும் முகம் மாறிவிட்டது. முழு 38-க்கும் பத்திரம் போடச் சம்மதித்துவிட்டார். அந்த 14 லட்சத்துக்கும் 9 சதவீதம் கூடுதலாக ஆகும், அதற்குப் பெரியப்பா மகன் அண்ணனிடம் கடனாகவே வாங்கிக்கொள்கிறோம்.

அடங்கல் வந்துவிட்டது, இரண்டு பசலிக்கும். தக்காளி என்று தெளிவாக இருக்கிறது. மண்டிக்காரர் பேரேட்டைத் தேடிப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். அம்மா குத்தி வைத்த சீட்டுகளை அப்பா தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். பென்சில் எழுத்து சிலதில் மங்கியிருக்கிறது, மேலே பேனாவால் எழுதலாமா என்று கேட்கிறார்.

கணக்கெழுத்தன்

எழுதவே வேண்டாம். இருக்கிறபடியே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். படிக்க முடியாததைத் தனித் தாளில் தேதி, கூடை, தொகை என்று பட்டியல் எழுதி அப்பா கையெழுத்துப் போடட்டும். அந்தப் பட்டியலை மண்டிப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்த பிறகு 7 லட்சத்தை வங்கியில் கட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.